காயிலை மாற்றிக்கொண்டே இருந்தால் காயில் கம்பெனிதான் பிழைக்கும்

என்னுடையது 2011 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். மைலேஜ், ஏசி, பூட் ஸ்பேஸ் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஊருக்கே தெரியும். எழுத வந்தது மூணாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில் பற்றி மட்டும்.

நாமக்கல் டவுனுக்குள் ஓட்டினால் வண்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காரவள்ளி தாண்டிக் கொல்லிமலை ஏறும்போதுதான் ஆரம்பிக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வெட்டி வெட்டி இழுக்கும், செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரியும். நின்று எரிந்தால்கூட வீடு வந்து சேரலாம். மின்னினால் காலை எடுத்துவிட வேண்டும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வர்ட்டரைச் சூடாக்கித் தீர்த்துவிடும். அதன் விலையைக் கேட்டால் காயில் விலை பெரிதாகவே தெரியாது.

ஏற்றத்தில் மட்டும் ஏன்? பேட்டரியின் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றித் தருவதுதான் காயிலின் வேலை. முழு லோடில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது, ஸ்பார்க் பிளக் முனையில் பொறி தாண்டுவதற்கு இன்னும் அதிக வோல்ட் தேவை. இன்சுலேஷனில் எங்காவது பலவீனம் இருந்தால் கரண்ட் அந்த வழியாக ஓடிவிடும். சமதளத்தில் அந்த அளவு தேவைப்படாததால் கோளாறு பதுங்கிக்கொள்ளும்.

ஸ்கேனர் போட்டால் பி0303 என்று எரர் கோடு (code). மூணாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஒவ்வொரு பட்டறையிலும் ஒரே வைத்தியம்: புது காயில், கோடு எரேஸ், பில். சில மாதம் ஓடும், மறுபடி அதே கோடு. டூப்ளிகேட் போட்டதால்தான் என்று ஒருவர் திட்டினார். சரி என்று ஒரிஜினல் போட்டேன். அதுவும் போனது.

எல்லோரும் சொல்லும் சோதனையையும் செய்து பார்த்தாயிற்று. மூணாவது காயிலை ஒன்றாவதில் மாட்டினேன்; கோடு பி0301 ஆக மாறியது. கோடு நகரவில்லை என்றால் பிளக், இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும், நகர்ந்தால் காயில்தான். பதில் சரி. ஆனால் அது பாதிப் பதில். காயில் கெட்டது என்று சொல்லுமே தவிர, ஏன் திரும்பத் திரும்ப அதே இடத்தில் கெடுகிறது என்று சொல்லாது. மல்டிமீட்டர் வைத்து ஓம்ஸ் பார்க்கச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆறிய காயில் நல்ல பிள்ளையாக நடிக்கும். காயிலை இயக்கும் எலக்ட்ரானிக் ஸ்விட்சான இக்னைட்டர் உள்ளேயே இருக்கும் வகை என்றால் அந்த அளவை நம்பவே வேண்டாம்.

கடைசியில் ராசிபுரத்தில் ஒரு வயதான மெக்கானிக். ஸ்கேனரைத் தொடவே இல்லை. காயிலை உருவி, பிளக் மேல் மாட்டும் அதன் ரப்பர் உறையை (பூட்) இரண்டு விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். "ஆயில் தம்பி" என்றார். பூட்டின் நுனி உப்பி, தொளதொளவென்று இருந்தது. பிளக் குழிக்குள் டார்ச் அடித்தால் இன்ஜின் ஆயில் தேங்கிப் பளபளத்தது. பிளக்கைக் கழற்றிக் காட்டினார்: வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே மயிரிழை போல ஒரு கருப்புக் கோடு. பொறி நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் ஓடிய தடம். அந்தக் கோடு விழுந்த பிளக்கை வைத்துக்கொண்டு புது காயில் போட்டால், புது பூட்டும் கெடும்.

காரணம் டேப்பெட் கவர் பேக்கிங், அதாவது இன்ஜின் மேல்மூடியில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர். பிளக் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகிவிட்டது. பேக்கிங், வளையங்கள், நாலு பிளக், ஒரு காயில் எல்லாம் மாற்றியாயிற்று. சில இன்ஜின்களில் வளையங்கள் பேக்கிங்கோடு வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பேக்கிங் விலை ஒரு காயிலில் கால் பங்குகூட இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். முன்பு பார்த்த அத்தனை பேரும் அந்த ஆயில் படிந்த காயிலைக் கையில் பிடித்தவர்கள்தானே! ஸ்கேனர் காயில் பக்கம் கை காட்டுகிறது, வாசலில் அடுத்த வண்டி நிற்கிறது. அவர்கள் நிலைமையும் புரிகிறது. ஆனாலும் துணியில் துடைத்தவர், இது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கலாம்.

இப்போது குடும்பத்தோடு, ஏசி போட்டுக்கொண்டே மலை ஏறுகிறது. இந்த கியர்பாக்ஸ் மாதிரி இன்றைய வண்டிகளில் நான் பார்த்ததில்லை. காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகாத நாள் கிடையாது.

ஆனால் இதே மாடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று நண்பன் கேட்டதற்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். "உன் வண்டிதான் சரியாயிடுச்சே மாப்ளே?" என்றான். சரியாகிவிட்டது, என் கோபம் இன்னும் சரியாகவில்லை. தவிர, இந்த வயதில் இன்ஜினில் உள்ள மற்ற ரப்பரும் இதே வெயிலில் காய்ந்ததுதான். வாங்கியே தீருவேன் என்றால் பெயின்ட், டயர் எல்லாம் அப்புறம். முதலில் 10 நம்பர் ஸ்பேனர் ஒன்றைக் கையில் எடுத்துப் போய், நாலு காயிலையும் உருவிக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன்.