மதுரை வெயிலில் களிமண் உருண்டை ஆர்க்கிட்: மூன்று கோடை கடந்த பிறகு

மண்ணுக்குப் பதிலாக, சூளையில் சுட்ட களிமண் உருண்டையில் (லெக்கா) வைத்த ஆர்க்கிட் மதுரையில் படுத்துவிட்டால் எல்லோரும் வெயிலைத் திட்டுவார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை.

தொட்டிக்கு ஒரு கிலோ தயிர் டப்பா போதும். அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, பக்கவாட்டில், பழுக்கக் காய்ச்சிய ஆணியால் இரண்டு துளை. அடியில் துளையே கூடாது. அந்த ஓர் அங்குலம்தான் தண்ணீர்த் தேக்கம். உருண்டைகள் அதை உறிஞ்சி மேலே ஏற்றும், இடுக்குகளில் காற்று நிற்கும். சிவப்புக் கலங்கல் போகும்வரை உருண்டைகளை அலசி, ஒரு நாள் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிய பிறகே செடியை வைக்கவும். ஒளி ஊடுருவும் டப்பாவில் பாசி பிடிக்கும், வெளியே ஒரு நிறத் தொட்டி மாட்டிவிடலாம்.

பழைய தொட்டியிலிருந்து உருண்டைக்கு மாற்றும் நேரம் தவறினால் வேறெதுவும் கைகொடுக்காது. கரியிலும் தேங்காய் மட்டையிலும் வளர்ந்த வேர் இந்த ஓயாத ஈரத்துக்குப் பழகாமல் அழுகும். பச்சை நுனியோடு புது வேர் ஒரு செ.மீ. எட்டிப் பார்க்கும்போது மாற்றினால், அது உருண்டைக்குள்ளேயே வளர்ந்து அந்த ஈரத்துக்குத் தகுந்த வேராகும். நர்சரியிலிருந்து பூவோடு வந்த செடியை அன்றே பிடுங்கி மாற்றுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு.

இனி தண்ணீர். டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்பின் அளவு) 1000ஐத் தாண்டும் ஆழ்துளைக் கிணறு இங்கே அபூர்வமில்லை. சித்திரை, வைகாசி வறட்டுக் காற்றில் உருண்டையின் மேல்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், உப்பு மட்டும் அங்கேயே தங்கும். வெள்ளைப் படலம் தெரிகிறது என்றால் வேர் நுனி கருகத் தொடங்கியிருக்கும். உரம் கலக்கும் முன் தண்ணீரின் டி.டி.எஸ். 150க்குள் இருப்பது நல்லது: ஐப்பசி மழைநீர், அல்லது ஆர்.ஓ. நீரோடு கொஞ்சம் குழாய்த் தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் சிக்கனம் என்று செடிக்கு ஊற்ற வேண்டாம்; வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

உரக்கடையில் கேட்டால் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 எடுத்து நீட்டுவார்கள். அதன் தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியா. மண்ணில் அதை மாற்றித் தரும் நுண்ணுயிர் புது உருண்டையில் சொற்பம். யூரியா டி.டி.எஸ். மீட்டரிலும் தெரியாது, ஆகவே எண்ணைப் பார்த்து ஏமாறலாம். 10 லிட்டருக்கு கால்சியம் நைட்ரேட் 4 கிராம், 13:00:45 (பொட்டாசியம் நைட்ரேட்) ஒரு கிராம், 00:52:34 (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்) ஒரு கிராம், மெக்னீசியம் சல்பேட் 2 கிராம், நுண்ணூட்டம் ஒரு சிட்டிகை. டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிடுக்கு இந்த அளவு, பெலனாப்சிஸ் வகைக்குப் பாதி. கால்சியம் நைட்ரேட்டை மற்றவற்றோடு ஒரே டம்ளரில் கரைத்தால் பால்போல் திரிந்து அடியில் படியும். தனியாகக் கரைத்து, வாளி நிறைய நீர் இருக்கும்போது சேர்க்கவும்.

ஊற்றும்போது துளை வழியே தாராளமாக வழிய வேண்டும், வெறும் தேக்கத்தை நிரப்புவது போதாது. கத்திரி வெயிலில் இரண்டு நாளைக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் ஐந்து நாளைக்கு ஒருமுறை. மாதம் ஒருமுறை உரமில்லாத நீரால் நன்றாக அலசிவிட வேண்டும்.

பூ என்று பார்த்தால் இந்த ஊருக்கு டென்ட்ரோபியம் கலப்பினங்களே பொருத்தம். 50 சதவீத நிழல்வலை, காலை வெயில். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, இளம்பச்சை சரியான அறிகுறி. தழைச்சத்து கூடினாலோ வேர் கெட்டாலோ பூத்தண்டு வர வேண்டிய கணுவில் குட்டிச் செடி முளைக்கும். பெலனாப்சிஸ் விஷயம் வேறு. பகலில் 28 டிகிரியைத் தாண்டினாலே அது பூத்தண்டு விடத் தயங்கும். மார்கழி, தை மாதங்களில் வடக்குப் பார்த்த பால்கனியில்தான் அதற்கு வாய்ப்பு. வேண்டா (Vanda) என்ற ஆர்க்கிட் வகையை டப்பாவில் அடைப்பது வீண் வேலை. அதன் வேர் காற்றில் தொங்கட்டும்.

கடைசியாகக் கொசு. டெங்குக் கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். துளையும் தட்டும் அதற்கு வசதி. தொட்டிக்கு அடியில் தட்டே வேண்டாம். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், எனவே ஐந்து நாளைக்கு ஒருமுறையாவது டப்பாவைச் சாய்த்துத் தேக்கத்தை முழுக்கக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றவும். மொட்டைமாடியைச் சோதிக்க வரும் மாநகராட்சிப் பணியாளர்களிடம் உருண்டைக்கு அடியில் இருப்பது ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லாமல் நீரில் வளர்க்கும் முறை, என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.