ஹீட் பம்ப் படுத்ததை எனக்குச் சொன்னது எரிவாயு பில்தான்: மூன்று குளிர்கால அனுபவம்

2022 ஒக்டோபரில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டில் ஹீட் பம்ப் போட்டோம். குளிர்காலத்தில் வெளிக் காற்றில் இருக்கிற சூட்டை உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கி, கோடையில் ஏசியாகவும் ஓடுகிற மின் இயந்திரம் அது. மூன்று டன் திறன், கடுங்குளிருக்கென்று வருகிற, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகை. எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கிவந்த பழைய ஃபர்னஸைக் கழற்றவில்லை, அதன் தலையிலேயே ஹீட் பம்ப்பின் புதுக் கொயிலை (சூட்டைக் கடத்தும் சுருள் குழாய்) வைத்தார்கள். வெளியே மைனஸ் 10 வரைக்கும் ஹீட் பம்ப் ஓடும், அதற்குக் கீழே போனால் ஃபர்னஸ் ஏற்றுக்கொள்ளும். அப்போது மத்திய அரசின் கிரீனர் ஹோம்ஸ் மானியத்தில் 5,000 டாலர் வரை கிடைத்தது, அதற்காக வேலைக்கு முன்னும் பின்னும் வீட்டை ஆய்வு செய்ய ஆள் வந்து போனார்கள். வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஃபர்னஸைப் பார்த்துக்கொள்வது மாதிரி இதைப் பார்த்துக்கொள்ள முடியாது என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

முதல் மாதமே அம்மா கேட்டார், "தம்பி, இது வேலை செய்யுதோ? காத்து சூடா வரேல்லையே." அவர் கேட்டதில் தப்பில்லை. ஃபர்னஸ் 50 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்க ஊதிவிட்டு நின்றுவிடும். ஹீட் பம்ப் 35, 40 பாகையில் மணிக்கணக்காக மெதுவாக ஊதும். கையை வைத்துப் பார்த்தால் பழுது என்றுதான் தோன்றும், சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தால் 21இல் அசையாமல் நிற்கும். இரவில் 17க்கு இறக்கிவிட்டுக் காலையில் ஏற்றுகிற பழைய பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. திடீரென்று நாலு பாகை ஏற்றச் சொன்னால் எங்கள் தெர்மோஸ்டாட் பொறுக்காமல் ஃபர்னஸைக் கிளப்பிவிடுகிறது.

இன்னொரு நாள் வெளியே இருக்கிற பெட்டியிலிருந்து புகை வருகிறது என்று வீடே பதறியது. அது புகை இல்லை, நீராவி. ஈரக்குளிரில் வெளிக் கொயிலில் உறைபனி படியும், அதைக் கரைக்க இயந்திரம் சில நிமிடம் தலைகீழாக, ஏசி மாதிரி ஓடும். அப்போது வெளி விசிறி நிற்கும், 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும், ஆவி கிளம்பும். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. முடிந்த பிறகும் கொயிலில் வெள்ளை மிச்சம் இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 2023-24 குளிர்காலம் இங்கே எவ்வளவு லேசாக இருந்தது என்று ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வருடம் எரிவாயு பில் குறைந்திருக்க வேண்டும், எங்களுக்கு ஏறியது. வீடு கதகதப்பாகவே இருந்ததால் வேறு எந்த அறிகுறியும் எங்களுக்குத் தெரியவில்லை. ஃபர்னஸும் சேர்ந்திருக்கிற வீட்டில் இதுதான் ஆபத்து: ஹீட் பம்ப் பாதி உயிரோடு இருந்தாலும் ஃபர்னஸ் அதை மூடி மறைத்துவிடும். வெளியே போய்ப் பார்த்தேன், கொயிலின் அடிப்பகுதியில் மட்டும் திட்டாக உறைபனி, மேலே காய்ந்து கிடந்தது.

வந்த முதல் டெக்னீஷியன் மீட்டரை மாட்டி, ஹீட் பம்ப்புக்குள் சுற்றிச் சூட்டைக் கடத்துகிற வாயு குறைவு என்று சொல்லி, நிரப்பி, 350 டாலர் வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் போய்விட்டார். எனக்கும் அப்போது அது சாதாரணமாகத்தான் பட்டது, ஊரில் ஏசிக்கு வருடா வருடம் 'கேஸ் அடிக்கிற' பழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவன்தானே. அடுத்த நவம்பரில் அதே கதை. இந்த முறை ஒரு தமிழ்ப் பொடியன் வந்தார், உரிமம் எடுத்து ஐந்தாறு வருடம் இருக்கும். "அண்ணை, இது எரிஞ்சு முடியிற சாமான் இல்லை. குறைஞ்சது எண்டால் எங்கயோ போகுது எண்டுதானே அர்த்தம்?" என்றார். இதை நான் ஒரு வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

மிச்சமிருந்த வாயுவை வெளியே விடாமல் சிலிண்டருக்கு இழுத்து எடை போட்டுப் பார்த்தார், இருக்க வேண்டியதில் கால்வாசிக்கு மேல் குறைந்திருந்தது. பிறகு நைட்ரஜனை அழுத்தி அடைத்து, இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரை பூசினார். வெளிப் பெட்டியில் செப்புக் குழாயின் விரித்த முனையை இறுக்கிப் பிடிக்கும் ஃபிளேர் நட்டில் மெல்ல மெல்லக் குமிழ் வந்தது. பொருத்தும்போதே சரியாக விரிக்காத குழாய் முனை. வெட்டிப் புதிதாக விரித்து, டார்க் ரெஞ்சால் அளவாக இறுக்கி, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வெற்றிடப் பம்ப்பை உள்ளழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே வரும்வரை ஓடவிட்டு, பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் எடைக்குத் தராசில் வைத்தே நிரப்பினார். அரை நாள் வேலை. எங்கள் பெட்டியில் இருப்பது ஆர்-410ஏ, கரியமில வாயுவை விட 2,000 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிற பொருள். முதல் தடவை நாங்கள் காசு கொடுத்து நிரப்பியது முழுக்க காற்றோடு போயிருக்கிறது என்பது இன்னமும் எனக்கு வலிக்கிறது. யாராவது 'குறைவு, நிரப்பணும்' என்றால் கசிவு எங்கே என்று கேளுங்கள், எத்தனை கிராம் போட்டார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

அதன் பிறகு தெர்மோஸ்டாட் ஆப்பில் ஃபர்னஸ் எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துவிடுவேன். லேசான வாரத்தில் அந்த எண் ஏறினால் பில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

2025 பெப்ரவரி நடுவில் அடுத்தடுத்துப் பனி கொட்டியபோது வேறொரு பாடம். பெட்டியை முதலில் தரையோடு ஒட்டிய பலகையில் வைத்திருந்தார்கள், கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடம் வேறு. கரைந்த நீர் அடியில் உறைந்து மேலே வளர்ந்து விசிறியைத் தொட்டுவிட்டது. அந்த ஐஸைக் கம்பியால் கொத்தாதீர்கள், கொயில் ஓட்டையானால் முடிந்தது கதை. பவரை நிறுத்திவிட்டு, வாளி வாளியாக இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தோம். வசந்தத்தில் ஒன்றரை அடி ஸ்டாண்டில் ஏற்றி, கூரைப் பீலியையும் ஒட்டினோம்.

ஃபில்டர் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் இது வருடம் முழுக்க ஓடுவதால் ஒரு அங்குல ஃபில்டரை இரண்டு மாதத்துக்கு மேல் விடுவதில்லை. அப்புறம் ஜூன் தொடக்கத்தில் காட்டன்வுட் மரங்களின் பஞ்சு பறக்குமே, அது வெளிக் கொயிலில் கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் டிஸ்கனெக்ட் பெட்டியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, தோட்டக் குழாயால் மெதுவாகக் கழுவினால் போதும். பிரஷர் வாஷர் மட்டும் வேண்டாம், அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். இந்த ஜூனில் அம்மாதான் பஞ்சைப் பார்த்துச் சொன்னார், அன்று மாலையே கழுவிவிட்டேன்.