சுண்டெலியா, எலியா? கல்லீரல் புற்றுநோயின் தொடக்கத்தைப் பார்க்க நான் எடுத்த முடிவு

கல்லீரல் செல் புற்றாக மாறும் வழியைப் பார்க்க என் முன்னால் இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று, சுண்டெலிக் குட்டிக்குப் பிறந்த 15ஆம் நாள், புற்றைத் தூண்டும் வேதிப்பொருளான டயெத்தில்நைட்ரோசமைன் ஊசி ஒன்று போட்டுவிட்டுக் காத்திருப்பது. லேபில் இதைச் சுருக்கமாக டென் என்போம். மற்றது, 1976இல் சோல்ட், ஃபார்பர் என்ற ஆய்வாளர்கள் எலிக்கு வகுத்த முறை. நான் எலியை எடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சுண்டெலியில் கை வேலை குறைவு, அறுவை கிடையாது. ஆனால் கட்டி தெரிய 8 முதல் 10 மாதம் ஆகும், அதுவும் ஆண் குட்டிகளில்தான் அதிகம். வேலூரில் அதற்குள் ஓர் அக்னி நட்சத்திரம் வந்துவிடும். ஏசியை மட்டும் நம்பிக் கூண்டுகளைக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை.

சரி, அதைக்கூடச் சமாளிக்கலாம். எனக்குப் பெரிதாகப் பட்டது திட்டுகளின் வயது, அதாவது மாறிய செல்கள் கூட்டமாக வளரும் இடங்கள் எப்போது கிளம்பின என்பது. எலிக்கு முதலில் டென். 2 வாரம் கழித்து 2-ஏஏஎஃப் என்ற இன்னொரு வேதிப்பொருள் கலந்த தீவனம், 2 வாரத்துக்கு. அதன் நடுவே கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுக்கிறோம். மிச்சம் வளர்ந்தே ஆகவேண்டும்; ஆனால் சாதாரண செல்களை 2-ஏஏஎஃப் பிரிந்து பெருகவிடாமல் கட்டிப்போட்டிருக்கிறது. டென்னால் மாறிய செல்களை அந்தத் தடை அவ்வளவாகத் தொடுவதில்லை. அவை மட்டும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் பெருகக் கிளம்புகின்றன. சுண்டெலியின் ஸ்லைடில் ஒரு சின்னத் திட்டைப் பார்த்தால், அது தாமதமாகக் கிளம்பியதா, மெதுவாக வளர்கிறதா என்று சொல்ல முடியாது. எலியில் சொல்லலாம். மாறிய செல்களில் மிகும் ஜிஎஸ்டி-பி என்ற புரதத்துக்கு ஸ்டெயின் போட்டால், மாறிய செல் தனியாக நின்றாலும் பழுப்பாகத் தெரியும். சுண்டெலியில் அந்த ஸ்டெயின் உதவாது.

அறுவை முடிந்த மூன்றாம் வாரம் ஓர் எலியைத் திறந்தபோது, செம்பழுப்புக் கல்லீரல் முழுக்க ஜவ்வரிசி தூவியதுபோல வெளிறிய முடிச்சுகள். அப்புறம் நடப்பதுதான் முக்கியம்: பெரும்பாலான முடிச்சுகள் மெல்ல மெல்லச் சாதாரணத் திசு போலவே திரும்பிவிடுகின்றன. சில மட்டும் நிலைக்கின்றன; புற்று வருவது அவற்றிலிருந்து.

அறுவை கடினம்தான். முதல் தொகுதியில் மூன்று எலிகளை இழந்தேன், அது இன்னும் உறுத்துகிறது. கத்திக்குப் பதிலாக, கல்லீரல் செல்களைக் கொல்லும் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுப்பதும் உண்டு. நான் செய்து பார்த்ததில்லை. எலிகளை முடிச்சுக் கட்டம் வரைதான் தொடர்ந்திருக்கிறேன், முழுப் புற்று வரை போனதில்லை. ஒரு ஜீனை நீக்கினால் என்ன ஆகும் என்பது உங்கள் கேள்வியானால், தாராளமாகச் சுண்டெலியையே எடுங்கள். அதற்கேற்ற சுண்டெலி வகைகள்தான் அதிகம் கிடைக்கின்றன.