கால் சென்டர் வேலை: வீடா, ஆபீஸா?

2020 நவம்பரில் மத்திய அரசு கால் சென்டர் போன்ற பிபிஓ நிறுவனங்களுக்கான விதிகளைத் தளர்த்தியதும் இந்த வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பது எளிதாகிவிட்டது. நைட் ஷிப்ட் முடிந்து சென்னை ஓஎம்ஆரில் ஆபீஸ் காருக்குக் காத்திருந்து, மற்றவர்களை இறக்கிவிட்ட பிறகு வீடு வந்து சேரும் அலுப்பு இல்லை, அதுவே பெரிய லாபம். ஆனால் அமெரிக்கக் கஸ்டமர் கத்திக்கொண்டிருக்கும்போதுதான் அடுப்படியில் குக்கர் விசிலடிக்கும், மியூட் பட்டனைத் தேடுவதற்குள் அடுத்த விசிலும் வந்துவிடும். கரன்ட் போய் கால் கட்டானால் பழி நம் தலையில்.

ஆபீஸில் ஜெனரேட்டர் உண்டு. சிக்கலான கால் என்றால் கையைத் தூக்கினால் போதும், டீம் லீடர் வந்து நிற்பார். வீட்டிலோ சாட்டில் கேட்டுவிட்டு, கஸ்டமரை ஹோல்டில் போட்டு, ஏஎச்டி (ஒரு காலுக்கு ஆகும் சராசரி நேரம்) ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். புதிதாகச் சேர்பவர்கள் வேலை பிடிபடும்வரை ஆபீஸ் போவதே நல்லது. அப்புறம் வீடு சரி, அதுவும் இன்வெர்ட்டர் இருந்தால்.