கல்லூரி நூலகமா, டவுன் கடையா?

பாளையங்கோட்டையில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கும் சித்தி மகன் கேட்டான்: "அண்ணே, சாயங்கால வேலைக்குக் காலேஜ் லைப்ரரில கேக்கட்டுமா, டவுன்ல ஜவுளிக்கடைக்குப் போகட்டுமா?" கடையில் ஆறு மாதம், நூலகத்தில் இரண்டு வருடம் இருந்தவன் நான். நூலகம் என்றே சொன்னேன்.

சம்பளம் கடையில் கூடுதல். நூலகத்துக்குப் பஸ் செலவில்லை, பரீட்சை நேரத்தில் லீவும் கிடைக்கும். இதில் பேச வேறொன்றும் இல்லை.

கடையிலும் மூளைக்கு வேலை உண்டு. படியேறி வரும் குடும்பத்தில் சேலையை முடிவுசெய்வது யார் என்று முகம் பார்த்தே கண்டுபிடிக்க நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டக் கூட்டத்தில்தான் பழகினேன். ஆனால் விலையும் சரக்கும் முதலாளி முடிவு. ஒரு வாடிக்கையாளர் ஏன் வாங்காமல் போனார் என்று யோசிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார்.

நூலகத்தில் முதல் மாதம் தூசி தட்டி, புத்தகம் அடுக்கினேன். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி தசம முறையில் தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. எண்கள் மனப்பாடமானால் போதும் என்றிருந்தேன். ஒருநாள் ஒரு மாணவன், திருநெல்வேலி மாவட்டத்து மலைத் தேயிலைத் தோட்டமான மாஞ்சோலை பற்றிப் புத்தகம் கேட்டான். தேயிலை விவசாயம் என்றால் 633.72. தொழிலாளர் கூலி என்றால் 331. தமிழ்நாட்டு வரலாறு என்றால் 954.82. நான் தேயிலைப் பக்கம் கூட்டிப்போனேன். அவனுக்கு வேண்டியது 1999 ஜூலை 23 அன்று அந்தத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டுப் போன ஊர்வலத்தில் தடியடி நடந்து, தாமிரபரணியில் 17 பேர் இறந்த செய்தி. "எதுக்குத் தேடுதான்னு முதல்ல கேளுடே" என்றார் நூலகர்.

அன்றிலிருந்து, கேட்ட சொல்லுக்கும் தேடும் பொருளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்க்கிறேன். பரீட்சைத்தாளில் கேள்வியை இரண்டு முறை படிக்கும் பழக்கமும் அப்படி வந்ததுதான். நூலகம் என்று தம்பியிடம் சொல்ல நான் எடைபோட்டுப் பார்த்தது இந்த ஒன்றே: தீர்மானிக்க நமக்கு இடம் இருக்கிறதா, பிசகினால் ஏனென்று சொல்ல ஆள் இருக்கிறாரா?

எனக்கு வாய்த்த நூலகர் அப்படி. எல்லா இடத்திலும் அமையும் என்று உறுதி சொல்ல முடியாது. வேலைக்குக் கேட்கும்போதே, புத்தகம் கேட்டு வருபவர்களைப் பார்க்கும் கவுண்டரில் உட்கார விடுவீர்களா என்று விசாரிக்கச் சொன்னேன். தூசி தட்ட மட்டும்தான் என்றால் அவன் கடைக்கே போகட்டும்.