லாஸ்ட் ஃபிளாக் ஃபிளையிங்: பட்டாளத்துக் கூட்டாளிகளோடு பார்க்க வேண்டிய படம்

போர்க்களத்தையே காட்டாத போர்ப்படம் இது. ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இயக்கி 2017ல் வந்தது. மகன் பிரைமில் போட்டுக் கொடுத்தான்.

கதை 2003 டிசம்பரில் நடக்கிறது. ஈராக்கில் இறந்துபோன மகனை அடக்கம் செய்ய, வியட்நாமில் தன்னோடு இருந்த இரண்டு பேரைத் தேடிப் போகிறார் டாக் (ஸ்டீவ் கரெல்). ஒருவர் மதுக்கடை நடத்துகிறார், இன்னொருவர் பாதிரியார் ஆகிவிட்டார். மகன் வீரமரணம் அடைந்ததாக மேலிடம் சொன்னது பொய். கோக் வாங்கப் போன இடத்தில் சுட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் ஆர்லிங்டன் ராணுவ மயானமே வேண்டாம் என்று, பிள்ளையை ரயிலில் சொந்த ஊருக்குக் கொண்டுபோகிறார் அப்பா.

அதே ரயிலில் சவப்பெட்டி வர, மூன்று பேரும் பழைய கதை பேசி வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கரெலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே முகத்தில் வருகிறது. சாவு வீட்டில் சிரிக்கிறார்களே என்று என் மனைவிக்குக் கோபம். பட்டாளத்துக்காரர்கள் அப்படித்தான் அழுவார்கள் என்று சொன்னேன்.

அப்புறம் அந்தத் தாய் வரும் காட்சி. வியட்நாமில் வலியில் துடித்துச் செத்த கூட்டாளியின் அம்மாவாக சிசிலி டைசன். வலிமருந்தை இவர்களே முன்பு போதைக்குத் தீர்த்துவிட்டார்கள். அந்த உண்மையைச் சொல்லத்தான் மூவரும் போகிறார்கள். என் மகன் உங்களைக் காப்பாற்றினானா என்று கிழவி கேட்டதும், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள். மேலிடத்துப் பொய்யைத் திட்டியவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று மகன் கேட்டான். அவர்கள் செய்தது சரிதான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

நான் பட்டாளத்தில், பேராக் மாநிலத்துக் கிரிக் பக்கம் தாய்லாந்து எல்லைக் காட்டில் இருந்தபோது எங்கள் கூட்டாளி ஒருவரை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. அவருடைய அம்மா இங்கே சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வாசலில் வைத்து, "கஷ்டப்படலம்மா, ஒங்க பேரச் சொல்லிக்கிட்டேதான் போனாரு" என்றோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

குறை இல்லாமல் இல்லை. மதுக்கடைக்காரராக வரும் பிரையன் கிரான்ஸ்டன் வாயே மூடுவதில்லை, நடுவில் அலுத்துவிட்டது. கெட்ட வார்த்தையும் நிறைய, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்க முடியாது. அவர்கள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து, பழைய ரெஜிமெண்ட் ஆட்கள் யார் இருக்கிறார்களோ அவர்களைக் கூப்பிட்டுப் போடுங்கள். கோப்பி கூடுதலாகவே கலக்கி வையுங்கள், படம் முடிந்தும் யாரும் கிளம்பமாட்டார்கள்.