ஹீத்ரோவிலிருந்து லண்டன் நகருக்கு: எலிசபெத் லைன் ரயில்

ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்குபவருக்கு நகருக்குள் செல்ல மூன்று ரயில்கள் உள்ளன. அவற்றில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட எலிசபெத் லைனையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

நகரின் பாடிங்டன் ரயில் நிலையத்தை 15 நிமிடங்களில் எட்டும் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ்தான் இவற்றில் வேகமானது. ஆனால் அது பாடிங்டனோடு நின்றுவிடுகிறது என்பதையும், அங்கிருந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு வேறு ரயிலுக்கு மாற வேண்டியிருப்பதையும் கணக்கில் கொண்டால், கூடுதல் கட்டணம் கொடுத்து மிச்சப்படுத்திய நிமிடங்களில் பெரும்பகுதி நடைமேடையிலேயே கரைந்துவிடும். உங்கள் விடுதி பாடிங்டனுக்கு அருகிலேயே இருந்தால் மட்டும் அது பொருந்தும்.

எலிசபெத் லைன் அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டிப் பாடிங்டனை அடைந்து, அங்கேயே முடிந்துவிடாமல் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, ஃபாரிங்டன், லிவர்பூல் ஸ்ட்ரீட் என நகரின் நடுவே ஊடுருவிச் செல்கிறது. ரயில் பெட்டிகள் அகலமானவை, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடுப்பின்றி நடக்கலாம் என்பதால், சூட்கேஸுடன் ஏறியவர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தனியாகச் சீட்டு வாங்கவும் வேண்டாம். நுழைவாயிலில் தொடுகை (கான்டாக்ட்லெஸ்) வங்கி அட்டையை வைத்தால் போதும், இறங்கும்போதும் அதே அட்டையை வைக்க வேண்டும்.

மூன்றிலும் மலிவானது 1977 முதல் ஹீத்ரோவுக்கு ஓடும் பிக்காடில்லி லைன். மத்திய லண்டனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும், பெட்டியும் குறுகலானது. கையில் ஒற்றைப் பை மட்டும் உள்ளவருக்கு அது தாராளம்.

நான்காம் முனையத்தில் இறங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எக்ஸ்பிரஸ் அங்கு வருவதில்லை.